‘மியூட்டேஷன் இல்லை’ என்று வந்த ரிப்போர்ட்

அப்பாவின் பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்றானதும், கீமோவோடு செடுக்சிமாப் என்ற மருந்தைச் சேர்க்கலாமா என்று பார்க்க ராஸ் டெஸ்ட் (கட்டியின் கேராஸ், என்ராஸ் ஜீன்களில் மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது) எழுதிக் கொடுத்தார் டாக்டர். ஆபரேஷன் சிக்கலில்லாமல் முடிந்திருந்தது. இந்த டெஸ்ட்தான் உயிரை வாங்கியது.

வெட்டி எடுத்த கட்டியைப் பாரஃபின் மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். லேபுக்கு அந்த பிளாக் வேண்டும். ஆஸ்பத்திரியில் திசுவைப் பரிசோதிக்கும் பெத்தாலஜி பிரிவின் கவுண்டரில் இருந்தவர், "பிளாக் எல்லாம் வெளியே தர மாட்டோம் சார்" என்று, சாயம் போட்ட ஸ்லைடுகளைக் கவரில் போட்டு நீட்டினார். லேபில் வாங்கவில்லை. டாக்டரின் கடிதத்தோடு மறுபடி போய்க் கெஞ்சியதில் ஒரு பிளாக் வந்தது. அதுவோ குடலின் வெட்டு விளிம்பிலிருந்து எடுத்தது. கட்டியின் செல்லே அதில் இல்லை! எந்த எண்ணுள்ள பிளாக்கில் கட்டி அதிகம் என்று பெத்தாலஜிஸ்ட்டிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கவுண்டரை நம்ப வேண்டாம்.

சரியான பிளாக் கிடைத்து, ஒருவழியாக ரிப்போர்ட் வந்தது: ‘மியூட்டேஷன் இல்லை’. அதாவது ஜீனில் மாற்றம் இல்லை, செடுக்சிமாப் கொடுக்கலாம். மருந்துக்குத் தேதி குறிக்கும் பேச்சும் தொடங்கிவிட்டது. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: கேராஸ் ஜீனில் 12, 13ஆம் கோடான்கள் (ஜீனின் எழுத்துகளை மும்மூன்றாக எண்ணும் இடங்கள்) மட்டுமே பார்க்கப்பட்டன. அதாவது ஜீனின் பல பகுதிகளில் (எக்ஸான்களில்) 2ஆம் எக்ஸானோடு சரி. 3, 4ஆம் எக்ஸான்களும் இல்லை, என்ராஸ் ஜீனும் இல்லை.

இது சின்ன விஷயமல்ல. செடுக்சிமாப், செல்லின் மேலே இருந்து, வளரச் சொல்லும் சமிக்ஞையை வாங்கும் இஜிஎஃப்ஆர் என்ற ஏற்பியை அடைக்கிறது. அந்தச் சமிக்ஞையை உள்ளே கடத்தும் ராஸ் புரதம் மாறிப்போய் எப்போதும் ‘ஆன்’ நிலையிலேயே இருந்தால், மேலே அடைத்துப் பயனில்லை. திருடன் உள்ளே இருக்க வாசலைப் பூட்டுவது போலத்தான். பெருங்குடல் புற்றுநோய்களில் சுமார் 40 சதவீதத்தில் கேராஸ் மாற்றம் இருக்கிறது. என்ராஸ் அதைவிட மிகக் குறைவு. குறைவு என்பதற்காக விட்டுவிட முடியுமா?

டாக்டரிடம் அந்த வரியைக் காட்டினேன். படித்துவிட்டு, முழு ராஸ் டெஸ்ட்டுக்கு உடனே எழுதிக் கொடுத்தார். என்ராஸ் 61ஆம் கோடானில் மாற்றம் இருந்தது. செடுக்சிமாப் வேண்டாம் என்றாகி, பெவாசிசுமாப் என்ற வேறு மருந்தைச் சேர்த்துக் கீமோ ஆரம்பித்தார்கள். பலன் தராத மருந்திலிருந்தும், அது முகத்திலும் மார்பிலும் கிளப்பும் கொப்புளங்களிலிருந்தும் அப்பா தப்பினார்.

அப்புறம், பிராஃப் வி600ஈ (பிராஃப் ஜீனில் வரும் ஒரு குறிப்பிட்ட மாற்றம்), எம்எஸ்ஐ (டிஎன்ஏ பிழைகளைச் செல் திருத்த முடியாமல் போனதைக் காட்டுவது) டெஸ்ட்டுகளையும் ராஸோடு சேர்த்தே கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறை பிளாக்கைச் சீவும்போதும் திசு கொஞ்சம் வீணாகிறது. எங்களுடையதில் கடைசியில் நகக்கண் அளவுதான் மிஞ்சியது. டெஸ்ட் முடிந்ததும் பிளாக்கைத் திரும்ப வாங்கி, அதை முதலில் கொடுத்த பெத்தாலஜி பிரிவிலேயே சேர்த்து, ரசீதில் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.