வெளிச்சினை நண்டும் ஒரு கடல் ஒப்பந்தமும்

கடல் கொள்கை என்றாலே டெல்லியிலோ சென்னையிலோ அச்சாகி வருவது என்றுதான் நினைக்கிறோம். பாக் விரிகுடாவில் ஓரளவு நிலைத்து நிற்கிற விதி அப்படி வந்ததல்ல. திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு. மிச்ச நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. இரண்டு தரப்பும் மோதி, சலித்து, உட்கார்ந்து பேசி வந்த ஏற்பாடு. மீறினால் கரையில் விளையாடுகிற பிள்ளைக்கும் தெரிந்துவிடும், அதனால் நிற்கிறது. கரையை ஒட்டிய கடலை நாட்டுப்படகுக்கு என்று தமிழ்நாட்டின் 1983 கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் ஒதுக்கியிருக்கிறார்கள். தண்ணீரில் கோடு தெரியாது. அதை மீறுவது சுலபம், நிரூபிப்பது கஷ்டம்.

ஆக, விதி எழுதுமுன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மீறல் யார் கண்ணில் படும்?

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இதில் என்ன வேலை என்றால், தொண்டி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்து நண்டு நம் சட்டியில் வேகிறது. கடல் இல்லாவிட்டாலும் தராசு நம்மிடம் இருக்கிறது. வலையின் கண்ணளவைத் தராசில் பார்க்க முடியாது. சினை நண்டைப் பார்க்கலாம்.

‘சினை நண்டாப் பாத்துப் போடுங்க’ என்று கேட்பதில் இரண்டு வேறு சரக்கு கலந்துவிடுகிறது. ஓட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் இருப்பது உள்சினை. ருசிக்காகக் கேட்பது அதைத்தான். வயிற்று மூடிக்கு வெளியே பஞ்சுபோலப் பிதுங்கி நிற்பது வெளிச்சினை. கருவுற்று, பொரிக்கக் காத்திருக்கிற முட்டை அது. நீலக்கால் நண்டில் ஒரு பெட்டை ஒரு தடவைக்குப் பல லட்சம் முட்டை சுமக்கும். சமையலில் அதனால் பெரிய லாபமில்லை. கழுவும்போதே பாதி போய்விடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் இதைக் காப்பாற்றாது. அது விசைப்படகுக்கு. நண்டு வலை பெரும்பாலும் நாட்டுப்படகில் போவது.

தாய்லாந்துக் கரையோர ஊர்களில் ‘நண்டு வங்கி’ என்று ஒன்று நடத்துகிறார்கள்: வெளிச்சினை நண்டைப் பொரிக்கும்வரை வைத்திருந்து, குஞ்சைக் கடலில் விடுவது. இங்கேயும் செய்யக்கூடியதுதான். வலையில் வந்த வெளிச்சினை நண்டை ஈரச் சாக்கால் மூடி நிழலில் கொண்டுவர வேண்டும். 20 லிட்டர் வாளி, துணியில் வடித்த கடல்நீர், காற்றுக் குழாய், ஓட்டை போட்ட மூடி. வாளிக்கு ஒரு நண்டு. இரண்டு போட்டால் சண்டையில் கால் போகும். தீனி வேண்டாம், தண்ணீர்தான் கெடும். காலையும் மாலையும் பாதித் தண்ணீர் மாற்றணும்.

முட்டையின் நிறம்தான் காலண்டர். மஞ்சளாக இருந்தால் ஒரு வாரம் போல ஆகும். பழுப்பானால் சில நாள். கருஞ்சாம்பல் என்றால் இன்றோ நாளையோ பொரித்துவிடும். மஞ்சள் சினை நண்டை வாளியில் வைத்துப் பாடுபடுவது பெரும்பாலும் வீண்: நாள் நீள நீள நண்டு மிரண்டு முட்டையை உதிர்த்துவிடும். வலையில் வந்தவுடனேயே அதைக் கடலில் விட்டுவிடலாம். வாளிக்குக் கருத்ததை மட்டும் எடுங்கள்.

பொரிப்பது பெரும்பாலும் இரவில். விடியலில் டார்ச்சை வாளியின் ஒரு ஓரத்தில் அடித்தால் தூசிபோல் குஞ்சுகள் வெளிச்சத்துக்குத் திரளும்; செத்த முட்டை அடியில் தங்கிவிடும். திரண்டதைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, கடல் வற்றும்போது வெளியே இழுக்கிற நீரோடு விட வேண்டும். படகுத் துறையில் கொட்டினால் டீசல் படலத்தில் மாண்டுபோகும். கரண்ட் போய்க் காற்று நிற்பது, கூரை ஒழுகி மழைநீர் கலப்பது, இந்த இரண்டும்தான் வாளிகளை மொத்தமாகக் காலி செய்யும். பேட்டரியில் ஓடுகிற காற்றுப் பம்பு ஒன்று கட்டாயம்.

விட்ட குஞ்சில் ஆயிரத்தில் ஒன்று பிழைத்தாலே அதிகம். அதனால் வங்கி கடலை நிரப்பிவிடும் என்று யாரும் பிரசங்கம் செய்ய வேண்டாம். அதன் நிஜமான பலன் நோட்டில் இருக்கிறது: எந்தத் தேதியில், எந்த வலைப்பாட்டில், எத்தனை வெளிச்சினை வந்தது என்று இரண்டு வருஷம் எழுதினால், நண்டு வலைக்கு எந்த மாதம் ஓய்வு தரலாம் என்பதை மீனவர்களே தங்கள் கணக்கை வைத்துப் பேசலாம்.

வெளிச்சினையை வங்கிக்கு விடுவது என்று மீனவரும் வியாபாரியும் செய்கிற ஒப்பந்தம் உடைவது பணத்தில். முட்டைப் பஞ்சோடு நிறுத்தால் ஒரு எடை, குஞ்சு பொரித்தபின் நிறுத்தால் குறைவு. அந்த வித்தியாசத்தை மீனவர் தலையில் கட்டினால் ஒரு மாதத்தில் வங்கி காலி. நண்டு வாளிக்குப் போகும்போதே எடை போட்டு ரூபாயைக் கொடுத்துவிட வேண்டும். குறைவை ஏலக்காரரும் வெளியூர் வியாபாரியும் பாதிப்பாதி ஏற்க வேண்டும். எங்கள் பக்கத்து மெஸ்காரர்களும் அந்தக் கூட்டத்தில் உட்காரணும், ஏனென்றால் கடைசி விலை அவர்கள் கையில்.

இன்னொரு ஓட்டை, சுரண்டல். வெளிச்சினை வாங்கமாட்டோம் என்றதும் பஞ்சைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டுச் சாதா நண்டாகக் கூடையில் போட்டுவிடுவார்கள். கண்டுபிடிக்க வயிற்று மூடியை விரலால் தூக்கிப் பாருங்கள். பெட்டைக்கு அது அகன்று வட்டமாக இருக்கும், கிடாவுக்குக் குறுகல். உள்ளே மயிர் அடர்ந்த சின்னச் சின்னத் துடுப்புகள். தேய்த்த நண்டென்றால் அந்த மயிர்க்காலில் மணல்போல நாலைந்து முட்டையாவது ஒட்டிக்கொண்டிருக்கும், மூடியும் தளர்ந்து தொங்கும். அந்தக் கூடையை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும், ஒரு நண்டை மட்டும் பொறுக்கி எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தை வாங்கக் கூடாது.