போர் தண்ணீரில் போர்வை துவைத்தல்

துவைத்துக் காய்ந்த படுக்கை விரிப்பு அப்பளம் போல மொடமொடத்தால், கஞ்சி அதிகமாகிவிட்டது என்றுதான் முன்பெல்லாம் நினைத்துக்கொள்வேன். பாபநாசத்தை ஒட்டிய இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வருடத்தில், கஞ்சியே காட்டாத விரிப்புகளும் அப்படித்தான் விறைத்துக்கொண்டு நின்றன; சீராகக் கொண்டுவந்த வெள்ளைத் தலையணை உறைகள் நான்கே மாதத்தில் சாம்பல் பூத்துவிட்டன. சோப்பை மாற்றினேன், கை நோகத் தேய்த்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் அத்தைதான் ஒருநாள், "துணிய ஏம்மா போட்டு அடிக்கிற, தண்ணியப் பாரு" என்றார்.

அவர் குடமுருட்டிப் படித்துறையில் துவைத்துப் பழகியவர். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து, தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேர்ந்து, புதுவெள்ளத்தின் கலங்கல் தெளிந்த பிறகு, வருடம் முழுக்கப் புழங்கிய ஜமக்காளமும் கனத்த போர்வைகளும் வண்டியேறி ஆற்றுக்குப் போகுமாம். ஆற்றுத் தண்ணீரில் சோப்பு சட்டென்று நுரைக்கும், இரண்டு முக்கில் அலசிவிடும். ஆழத்திலிருந்து வரும் எங்கள் போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுதி. அவை சோப்போடு சேர்ந்து, நீரில் கரையாத பிசுக்காக மாறி நூலிழைகளில் ஒட்டிக்கொள்கின்றன. இன்னும் வெளுக்கட்டும் என்று நான் கூடுதலாகப் போட்ட சோப்பெல்லாம் அந்தப் பிசுக்கைத்தான் வளர்த்திருக்கிறது.

இப்போது சோப்புத்தூளைத் தொடுவதற்கு முன்பே ஒரு வாளி வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவை நன்றாகக் கரைத்துவிடுகிறேன். அது தண்ணீரின் கடினத்தை முதலில் வாங்கிக்கொள்வதால், தூள் முன்பைவிடக் குறைவாகவே போதுமானதாக இருக்கிறது. கடைசி அலசலில் ஒரு வாளிக்குக் கால் டம்ளர் வெள்ளை வினிகர் ஊற்றுகிறேன். எஞ்சிய காரமும் பிசுக்கும் விட்டுப்போய்த் துணி மெத்தென்று ஆகிறது. பிளீச்சிங் பவுடரோ, குளோரின் கலந்த வெளுப்பானோ புழங்குகிற வாளியில் மட்டும் வினிகரை ஊற்றவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைக் கெடுக்கும்.

தலையணை உறையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் அதை விரிப்போடு சேர்த்துப் போட்டுத்தான் கெடுக்கிறோம். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளும் வீட்டில் உறையில் ஊறிய எண்ணெய் காற்றுப் பட்டுப் பட்டுக் கெட்டு, முதலில் மஞ்சளித்துப் பிறகு சிக்கு வாடை அடிக்கும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் பச்சைத் தண்ணீர் அதை அசைக்காது. வாரம் தவறாமல் உறைகளை மட்டும் தனியே எடுத்து, கை பொறுக்கும் அளவைவிடச் சற்றே அதிகச் சூடுள்ள சோடாத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்துப் பிறகு துவைத்தால் அந்த வாடை அண்டாது.

மஞ்சள் கறை எனக்குக் கற்றுக்கொடுத்தது வேறு. மகளுக்கு அடிபட்ட முழங்காலில் அத்தை குழைத்துப் பூசிய மஞ்சள் வெள்ளை விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டிவிட்டது. சோப்பை வைத்த மறுகணம் அது இரத்தச் சிவப்பாக மாறியதைக் கண்டு கை நடுங்கிப் போனேன். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், நன்றாக அலசினால் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். அலசிய விரிப்பைக் கறை மேலே இருக்கும்படி மொட்டைமாடியில் விரித்தேன். மாலைக்குள் எலுமிச்சை நிறத்துக்கு வெளுத்தது, மறுநாள் வெயிலில் இருந்த இடமே தெரியாமல் போயிற்று. மஞ்சளின் நிறம் வெளிச்சத்தைத் தாங்காது. இரத்தக்கறைக்கு முறை நேர்மாறானது: குளிர்ந்த தண்ணீரில்தான் அலச வேண்டும், வெந்நீர் பட்டால் அது துணியிலேயே இறுகிவிடும். வாழைக்கறை எதற்கும் மசியவில்லை, ஆகவே தார் வெட்டப் போகும் துண்டு எங்கள் வீட்டில் கட்டில் பக்கமே வருவதில்லை.

இலவம்பஞ்சு மெத்தையையும் தலையணையையும் துவைப்பதில்லை, நனைந்தால் பஞ்சு கட்டிபிடித்துவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் காலையிலிருந்து போட்டு, நடுவே ஒருமுறை புரட்டி, குச்சியால் தட்டி எடுக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் காய்ந்த சூழலில் தழைப்பதில்லை. விரிப்புகளில் இருப்பவற்றைக் கொல்ல 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் துவைக்க வேண்டும். வீட்டில் இளைப்பு உள்ளவர்கள் இருந்தால் இதில் சலுகை கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஊரில் காற்றே ஈரமாக இருக்கும். அந்த இரண்டு மாதமும் கஞ்சி போடுவதை நிறுத்திவிடுகிறேன், கஞ்சி ஏறிய துணியைப் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் தேடி வரும். ஒரு நேரத்தில் ஒரே விரிப்பைத் துவைத்து, கூடத்துக் கொடியில் மடிப்பில்லாமல் போட்டு, மின்விசிறியைச் சுழலவிடுகிறேன். காய்ந்துவிட்டதாகத் தோன்றினாலும் உடனே அலமாரிக்கு எடுத்துப் போவதில்லை. ஈரத்தை விரலைவிடக் கன்னம் சீக்கிரம் கண்டுபிடிக்கும் என்பது அத்தையின் கணக்கு. தடித்த ஓரத் தையலைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். துளி குளிர்ச்சி தெரிந்தாலும், "இன்னும் ஒரு ராத்திரி கிடக்கட்டும்மா" என்று என்னிடம் திருப்பிக் கொடுப்பார்.