இரண்டு வருஷம் பேசிய பவுல்

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று ஆராதனையில் அப்போஸ்தலர் 24. காவலில் இருந்த பவுல் பேசப்பேசப் பயந்துபோன ரோம தேசாதிபதி பேலிக்ஸ், "எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" என்று அனுப்பிவிடுகிறான். தள்ளிப்போடாதே என்று எச்சரிக்க எப்போதும் எடுக்கிற பகுதி. அது சரிதான். எனக்கோ 26ஆம் வசனம்தான் மனதில் நின்றது. காசு ஏதாவது தேறுமா என்று பேலிக்ஸ் அவரை அடிக்கடி கூப்பிட்டுப் பேசியிருக்கிறான். அவன் நோக்கம் பவுலுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? காசும் கொடுக்கவில்லை, பேசுவதையும் விடவில்லை. இப்படியே இரண்டு வருஷம். வாய்ப்பு ஒரு தடவைதான் வரும், விட்டால் போச்சு என்று சபைகளில் பயமுறுத்துகிறோம். இந்த இரண்டு வருஷத்தைப் பற்றி யாராவது பிரசங்கம் செய்தால் நன்றாயிருக்கும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

எதிர்வீட்டு அக்காவின் கணவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. காலையில் டிபன் கேரியரோடு ஆட்டோவுக்காக நின்றவர், "உங்க சாமிகிட்ட அவருக்காக ஒரு வார்த்தை சொல்லேன்" என்றார். "இப்பவே சொல்வோம்க்கா" என்று கேட் பக்கத்திலேயே நாலு வரி ஜெபித்தேன். அவர் கண்ணை மூடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமென் சொன்னதும், "இவ்வளவுதானா? மந்திரம் எதுவும் இல்லையா?" என்றார்.

"அப்பாகிட்ட கேக்குற மாதிரிதான்க்கா."

அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.

மாலை பெண்கள் ஐக்கியத்தில், கைப்பிரதி கொடுத்திருக்கலாமே, நல்ல சந்தர்ப்பம் போச்சே என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவரின் கவலையை வைத்து ஆள் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லத்தான் பேதுரு ஆயத்தமாயிருக்கச் சொல்கிறார்.

பிப்ரவரி 13, வெள்ளி

1798இல் ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூரில் காலமானது இதே தேதியில். வேலை முடிந்ததும் சிவகங்கைத் தோட்டத்துப் பக்கம் அவர் பெயரில் உள்ள ஆலயத்துக்குப் போனேன். மரணப்படுக்கையில் இருக்கும் அவர் கையைச் சரபோஜி மன்னர் பிடித்துக்கொண்டு நிற்கும் பளிங்குச் சிற்பம் அங்கே இருக்கிறது. மன்னரே இங்கிலாந்துச் சிற்பி ஃப்ளாக்ஸ்மனிடம் செய்வித்தது.

தன் பராமரிப்பில் வளர்ந்த பிள்ளையிடம் ஐயர் இயேசுவைப் பற்றிப் பேசாமலா இருந்திருப்பார்? சரபோஜி கடைசிவரை ஞானஸ்நானம் பெறவில்லை. தலைக்கணக்குப் பார்க்கிறவர்கள் இதைக் கைநழுவிய வாய்ப்பு என்பார்கள். நான் சொல்லமாட்டேன். 1750இல் இந்த மண்ணில் இறங்கியவர் ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை. 1779இல் ஆங்கிலேயர் ஹைதர் அலியிடம் தூது அனுப்பியதும் இவரைத்தான். பஞ்சத்தில் இவர் வாக்கை நம்பி ஜனங்கள் நெல் கொண்டுவந்து கொடுத்தார்கள். இவர் வார்த்தை பொய்க்காது என்று ஊரே அறிந்திருந்ததே, அதுவும் சாட்சிதான்.

பிப்ரவரி 14, சனி

"ஞாயித்துக்கிழமை கோயில்ல அப்படி என்னதான் பேசுவீங்க?" அக்காவே கேட்டார். திண்ணையில் உட்கார்ந்து கெட்ட குமாரன் கதையைச் சொன்னேன். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிவந்த இளையவனைத் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட இடத்தில் "ம்" கொட்டினார். அப்புறம், "அவனுக்குப் போய் விருந்தான்னு மூத்தவன் கேட்டது நியாயம்தானே? வீட்டோட இருந்து உழைச்சவன் அவன்" என்று பிடித்துக்கொண்டார். அவர் வீட்டில் யார் அந்த மூத்தவன் என்பதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. எட்டு மணிவரை பேசினோம். இன்னமும் அவர் மூத்தவன் பக்கம்தான். நாளை சாயங்காலமும் வரச்சொல்லியிருக்கிறார்.