மூச்சுக்கு ஏன் உயரம்?

கொழும்பில் நான் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதவைத்து நுரையீரலை அளக்கும் பரிசோதனை) எடுக்கும் அறையில், குழாயைக் கையில் கொடுக்கும் முன் எல்லாரையும் செருப்பைக் கழற்றச் சொல்வேன். "மூச்சுப் பார்க்க வந்தனான், ஏன் பிள்ளை உயரம் அளக்கிறீங்கள்?" என்று வெள்ளவத்தை ஐயா ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 1846இல் லண்டனில் ஜோன் ஹட்சின்சன் ஆயிரக்கணக்கானோரை ஊதவைத்து, உயரம் கூடக்கூட நுரையீரல் கொள்ளளவும் ஏறக்குறைய நேர்கோட்டில் கூடுவதைக் காட்டினார். எடைக்கு அப்படி ஒரு நேர்த்தி இல்லை.

ஒருவரிடம் எதிர்பார்க்கக்கூடிய கொள்ளளவைக் கணிக்க எக்செலில் ரிக்ரெஷன் (தரவுக்குப் பொருந்தும் கோடு) போடும்போது உயரத்தையும் கைவிரி நீளத்தையும் ஒன்றாகச் சேர்த்தால், ஒவ்வொன்றின் பங்கையும் காட்டும் குணகங்கள் தடுமாறும்; இரண்டும் கிட்டத்தட்ட ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. ஒன்று போதும். முதுகு வளைந்தவர்களுக்குக் கைவிரி நீளம்தான் கைகொடுக்கும்: சுவரோடு நிற்கவைத்து, கைகளை விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனி வரை டேப் பிடிப்பேன்.

அப்புறம், கோடு காட்டுவது சராசரியை மட்டும். ஒரே வயது, ஒரே உயரம், இருவருமே ஆரோக்கியம். ஆனாலும் அரை லீட்டர் வித்தியாசம் வரலாம். அதனால் எதிர்பார்த்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே என்றவுடன் நோய் என்று முடிவுகட்டுவது எனக்குப் பிடிக்காது. வயதானவர்களுக்கு அது வீண் பயத்தைத்தான் கொடுக்கும். சிதறலையும் கணக்கில் எடுத்து, சராசரியிலிருந்து எத்தனை நியம விலகல் தள்ளி இருக்கிறார் என்று காட்டும் இசட் ஸ்கோர் −1.64க்குக் கீழே போகிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.