அண்ணாச்சிமார் கோப்பை கொடுத்தால் மட்டும் போதாது

ஆஸ்திரேலியாவில் கால்பந்தை வளர்த்தது யார் என்று தேடிக்கொண்டு போனால் பாதி இடத்தில் கடைக்காரர்கள்தான் வந்து நிற்கிறார்கள். அதிலும் கிரேக்கர்கள். அவர்கள் கதையைப் படிக்கப் படிக்க எனக்கு நம்ம அண்ணாச்சிமார் முகம்தான் கண்ணில் தெரிந்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1932-ல் சிட்னி மார்ட்டின் பிளேஸில் ஒரு கிரேக்கர் மில்க் பார், அதாவது மில்க் ஷேக் போட்டு விற்கிற கடை, திறந்தார். யோவாக்கிம் தாவ்லாரிதிஸ் என்பது வீட்டில் வைத்த பெயர், கடைக்காக மிக் ஆடம்ஸ் ஆனார். ஒரு மில்க் ஷேக் நாலு பென்ஸ். அதைப் பார்த்து ஊர் ஊராக மில்க் பார் முளைத்தது, பல கடைகள் கிரேக்கர் கையில். விடிகாலை திறந்து ராத்திரி அடைக்கிற கடை, கடைக்குப் பின்னாலேயோ மாடியிலேயோ வீடு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கல்லாவில் உட்காருகிற பிள்ளைகள். சாப்பாட்டுக் கடை போட்ட கிரேக்கர்கள் விற்பதும் சொந்த ஊர்ச் சாப்பாடு இல்லை, வெள்ளைக்காரன் கேட்கிற ஸ்டேக்கும் முட்டையும்தான். சாத்தான்குளத்திலிருந்தும் நாசரேத்திலிருந்தும் சென்னைக்குப் போய் மளிகைக்கடை போட்டவர்களின் வாழ்க்கையும் இதேதான்.

போருக்குப் பிறகு 50-களில் கப்பல் கப்பலாகக் கிரேக்கர்கள் வந்து இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை கூடுவதற்கு சர்ச் இருந்தது, அடுத்து கால்பந்து. சிட்னியில் 1957-ல் பான் ஹெலனிக், மெல்போர்னில் 1959-ல் மூன்று கிளப்புகளைச் சேர்த்து சவுத் மெல்போர்ன் ஹெல்லாஸ். அந்த ஊர் வெள்ளைக்காரர்களுக்குக் கால்பந்து என்றால் வந்தேறிகள் ஆட்டம், இளக்காரம்தான். கடையில் நாலு காசு பார்த்தவர்கள் கிளப்புக்குத் தலைவராகவும் பொருளாளராகவும் வந்தார்கள்.

இந்தப் பதவி மாலை போட்டுக்கொள்கிற பதவி இல்லை. கேட் வசூலை எண்ண வேண்டும், ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய வேண்டும், லீக் கூட்டத்தில் தெரியாத பாஷையில் எழுந்து வாதாட வேண்டும், வருஷா வருஷம் பொதுக்குழுவில் கணக்குக் காட்டி ஓட்டு வாங்க வேண்டும். தப்பு நடந்தால் அதன் பலனும் பெரிசு. புலம்பெயர்ந்தோர் கிளப்புகள் ஆஸ்திரியா, நெதர்லாந்து ஆட்டக்காரர்களை அவர்களுடைய பழைய கிளப்புக்குப் பணம் கட்டாமலே கூட்டி வந்ததால் 1960-ல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா ஆஸ்திரேலியாவையே தள்ளி வைத்தது. நாட்டுக்கே புதுக் கால்பந்துச் சம்மேளனம் உருவாகி, பாக்கியைத் தீர்த்து, 1963-ல்தான் உள்ளே வர முடிந்தது. பின்னால் 1969-ல் அந்தச் சம்மேளனத்துக்கே கிரேக்க வம்சாவளி வழக்கறிஞர் ஆர்தர் ஜார்ஜ் தலைவரானார். அவர் காலத்தில்தான் 1974-ல் ஆஸ்திரேலியா முதல்முறையாக உலகக் கோப்பை ஆடியது, 1977-ல் தேசிய லீக் தொடங்கியது.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு விஷயம். அங்கே புறநகர் மைதானங்கள் பெரும்பாலும் உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பு. எந்த சீசனில் யாருக்கு மைதானம், விளக்குக் கம்பம் எங்கே, உடை மாற்றும் அறைக்குக் கூரை எப்போது, எல்லாம் கவுன்சில் முடிவு. அதனால் கிளப் நடத்துகிறவன் கவுன்சில் படியேறித்தான் ஆக வேண்டும். மனு எழுதி, கூட்டத்தில் காத்திருந்து, எந்தக் கவுன்சிலர் யார் பக்கம் என்று தெரிந்துகொண்டு பல வருஷம் நடக்கிறவனுக்கு ஒரு கட்டத்தில் நாமே உள்ளே உட்கார்ந்தால் என்ன என்று தோன்றாமல் இருக்குமா? 1977-ல் மெல்போர்னின் காலிங்வுட் பகுதிக்கு மேயரான தியோ சிதிரோபூலோஸ் கிரீஸில் பிறந்தவர், அதே வருஷம் விக்டோரியா சட்டமன்றத்துக்கும் ஜெயித்தார்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் இங்கே கபடி நடக்காத ஊர் உண்டா? போன பொங்கலுக்கு எங்க பக்கம் நடந்த ராத்திரிக் கபடியில் முதல் பரிசு சென்னையில் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சி உபயம். மேடையில் ஆளுயரக் கோப்பை, பின்னால் அவர் படம் போட்ட பிளக்ஸ். கீழே களத்தில் உழுது போட்ட மண், ஜல்லி பொறுக்கியும் பொறுக்கியும் தீராமல் ஒரு பையன் முழங்கால் கிழிந்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மறுபடி ரைடு போனான். நான் அண்ணாச்சியிடம் போய், “மாவட்டக் கபடிக் கழகத்துல நீங்க நிக்கலாம்லா அண்ணாச்சி, வார்டுல கூட நிக்கலாமே” என்றேன். “நமக்கு எதுக்கு தம்பி அந்த வம்பு, ஏதோ நம்மால ஆனத கொடுத்துட்டுப் போவோம்” என்றார். நல்ல மனுஷர். ஆனால் அந்தக் கோப்பைக் காசில் ஒரு பாதிக்கு மேட் வாங்கியிருக்கலாம், அதை எங்கே போடுவது என்பதற்கு இடம் கேட்டு நெல்லை மாநகராட்சிக்குப் போயிருக்கலாம். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம் மாநகராட்சி கையில், அண்ணா விளையாட்டரங்கம் அரசு கையில். 55 வார்டு உள்ள மாநகராட்சியில் கபடி ஆடுகிற பையனுக்காகப் பேச எத்தனை பேர் எழுந்திருப்பார்கள்? 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய மணத்தி கணேசன் நம்ம சீமைக்காரர். அப்படிப்பட்ட மண் இது.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மாட்டேன். கிரேக்கர் கிளப் என்று ஒன்று இருந்தால் மாசிடோனியர் கிளப், குரோஷியர் கிளப் என்று எதிரே நிற்கும். ஊர்ப் பகை மைதானத்துக்குள் வந்தது, 90-களில் இனப்பெயர்களையும் சின்னங்களையும் எடுக்கச் சொல்லி உத்தரவே போட்டார்கள், பல கிளப்புகள் பெயரை மாற்றிக்கொண்டன. நம்மிடம் அது சாதி. எந்தத் தெரு டீம் எந்த ஆட்கள் டீம் என்று பனியன் நிறத்திலேயே தெரிகிறது, கையில் கட்டுகிற கயிறும் அப்படித்தான். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சைக்குப் போய்க்கொண்டிருந்த மாணவனைப் பஸ்ஸிலிருந்து இழுத்து விரல்களை வெட்டினார்கள். கபடியில் ஜெயித்ததற்குப் பழிவாங்கினார்கள் என்று அந்தப் பையன் குடும்பத்தார் சொன்னார்கள். தன் ஆட்களுக்கு மட்டும் ஸ்பான்சர் செய்கிற அண்ணாச்சி இந்த நெருப்புக்கு எண்ணெய் ஊற்றுகிறார், அவருக்கு அது தெரியாவிட்டாலும்.

ஆனால் அதே ஹெல்லாஸ் கிளப் ஆட்டம் பார்க்க அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போன, அஞ்சு வயசில் ஏதென்ஸிலிருந்து வந்த பையன்தான் ஆஞ்ச் போஸ்டெகோக்லு. 1989-ல் ஹங்கேரியின் பழைய கால்பந்து நட்சத்திரம் புஸ்காஸ் அங்கே பயிற்சியாளராக வந்தார், அவர் காலத்தில் இவர்தான் கேப்டன், இருவரும் பேசிக்கொண்டது கிரேக்கத்தில். 2015-ல் ஆஸ்திரேலியாவுக்கு ஆசியக் கோப்பை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளரும் அவரே. கடைக்காரர்கள் கணக்கெழுதிக் காப்பாற்றிய கிளப்பிலிருந்து வந்த ஆள்.

அதனால் அண்ணாச்சிமாரிடம் நான் கேட்பது இதுதான். கோப்பை கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்புறம் மாவட்டக் கழகத்தில் உறுப்பினராகுங்கள், கூட்டத்துக்கு வாருங்கள், கணக்குக் கேளுங்கள், எல்லாத் தெருப் பையன்களும் ஒரே பனியனில் ஆடுகிற ஒரு கிளப்பைப் பதிவு செய்யுங்கள். அந்த கிளப்புக்கு மைதானம் கேட்டு மாநகராட்சிக்கு மனுப் போடும்போது கையெழுத்துப் போட நானும் வருகிறேன்.