கம்பி நீட்டினான்: ஏழாம் வகுப்பு நாட்குறிப்பு

ஜூலை 7, திங்கள்

ஜன்னலோரம் உட்காரும் பெண்ணை இன்று பத்தியை வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். இந்த வகுப்பில் அவளைப்போல் வாசிக்க ஆளில்லை. லகரமும் ளகரமும் ழகரமும் தனித்தனியாகக் காதில் விழும். காற்புள்ளியில் மூச்செடுப்பாள். கேள்விக்குறி வந்தால் குரல் தானாக ஏறும். வகுப்பே அமைதியாகக் கேட்டது. முடித்ததும், "அந்தப் பையன் ஏன் வீட்டுக்குத் திரும்பிப் போகல?" என்று கேட்டேன்.

புத்தகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "திரும்ப வாசிக்கட்டுமா டீச்சர்?" என்றாள்.

வாசித்தாள். அதே அழகு. ஆனால் கேள்விக்கு விடை இல்லை. சொல்லத் தயங்குகிறாள் என்று முதலில் நினைத்தேன். இல்லை, சொல்வதற்கு அவளிடம் எதுவும் இல்லை. பத்தி அவள் வாய் வழியாகப் போனதே தவிர உள்ளே தங்கவில்லை.

1986-இல் ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இருவர் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தைச் சொல்லாக்கும் திறன் ஒரு பக்கம், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொரு பக்கம். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிதல். கூட்டலாக இருந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும். பெருக்கலில் அது நடக்காது.

தமிழில் இந்தச் சிக்கல் வெளியே தெரியாமல் ஒளிந்துகொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. எழுத்துக்கூட்டப் பழகிவிட்ட பிள்ளை, முன்பின் கேட்டிராத சொல்லைக்கூடத் தடுக்காமல் வாசித்துவிடும். வாசிப்பு சரளமாக இருப்பதைப் பார்த்து நாமும் நிம்மதியாக அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறோம். இவளிடமிருந்து நான் எத்தனை முறை அப்படிப் போயிருப்பேன் என்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

பாடப்புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லிவிட்டுக் கரும்பலகையில் இதை எழுதினேன்.

"நேற்று மாலை நெகுடுப் பிமிறு ஒன்று தொளவையில் மெடுந்தது. அதைக் கண்ட மற்றப் பிமிறுகள் நறுவித்தன."

எல்லாம் நானே இட்டுக்கட்டிய சொற்கள். பிள்ளைகளிடம் அதைச் சொல்லவில்லை. கீழே நான்கு கேள்விகள்: பிமிறு எப்போது மெடுந்தது? எங்கே மெடுந்தது? எத்தகைய பிமிறு? மற்றப் பிமிறுகள் ஏன் நறுவித்தன?

34 பேரும் நான்கையும் சரியாக எழுதிவிட்டார்கள். நேற்று மாலை. தொளவையில். நெகுடுப் பிமிறு. ஒரு பிமிறு மெடுந்ததைக் கண்டதால். நான்காவதில் ‘ஏன்’ இருக்கிறதே, அங்கேயாவது தடுக்கும் என்று நம்பினேன். தடுக்கவில்லை. வேற்றுமை உருபும் வினைமுற்றும் சேர்ந்து விடையைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடுகின்றன.

பிறகு கேட்டேன்: "பிமிறுன்னா என்ன?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கடைசி வரிசைப் பையன்தான் முதலில், "டீச்சர், அப்படி ஒண்ணு இருக்கா?" என்றான்.

சிரிப்பு அடங்கியபின் இன்னொன்றும் செய்தேன். போன மாதம் நான் வைத்த தேர்வின் வினாத்தாளை எடுத்து, பத்தியின் கீழிருந்த ஐந்து கேள்விகளையும் பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்தேன். அதில் நான்கு, பிமிறுக் கேள்விகள். பத்தியிலிருக்கும் வரியைத் திருப்பிப் போட்டால் கேள்வி, நேராகப் போட்டால் விடை. அந்தத் தேர்வில் ஜன்னலோரப் பெண் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

ஜூலை 10, வியாழன்

இன்று கேள்வி கேட்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். டாஃபி ரஃபேல் என்ற ஆய்வாளர் 1980-களில் கேள்விகளை, விடை எங்கே கிடைக்கிறது என்பதை வைத்து நான்காகப் பிரித்துக் காட்டினார். ஒரே வரியில் இருப்பது, பல வரிகளில் தேடிச் சேர்ப்பது, எழுதியவர் சொன்னதோடு நமக்குத் தெரிந்ததையும் சேர்த்தால் கிடைப்பது, நம்மிடமே இருப்பது. எங்கள் வகுப்பில் மூன்றாவதற்குப் பிள்ளைகளே ‘இடைவரிக் கேள்வி’ என்று பேர் வைத்துவிட்டார்கள். வரிகளுக்கு இடையே இருக்கிறதாம். நல்ல பேர்.

இடைவரிக் கேள்வி ஒன்றாவது எழுத ஒரு பாடவேளை முழுக்கப் போயிற்று. முக்கால்வாசிப் பேர் முதல் வகையில்தான் போய் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நாம் பழக்கியது அது.

ஜூலை 14, திங்கள்

மரபுத்தொடர் இன்று தொடங்கியது. வழக்கமாக நான் செய்வது இதுதான்: இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள், நடுவில் ஒரு கோடு. ‘கயிறு திரித்தல்: இல்லாததைக் கட்டிச் சொல்லுதல்.’ ‘அரைக்கிணறு தாண்டுதல்: வேலையைப் பாதியில் விடுதல்.’ நாற்பது தொடர், நாற்பது பொருள், மனப்பாடம். பிறகு "வாக்கியத்தில் அமைத்து எழுதுக" என்றால், "அவன் கயிறு திரித்தான்" என்று எழுதிக் கொண்டுவருவார்கள். இதற்கு நானும் டிக் போட்டிருக்கிறேன். அந்த வாக்கியத்தை எழுதியவருக்குப் பொருள் தெரியுமா தெரியாதா என்று அதை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

இந்த முறை பொருளைச் சொல்லவே இல்லை. ஒரு சின்னப் பத்தி எழுதிக் கொடுத்தேன்.

"கண்காட்சிக்குப் பாலத்தின் மாதிரி செய்ய நானும் அவனும் பெயர் கொடுத்தோம். அட்டை, பசை, கம்பி எல்லாம் சேர்த்தாகிவிட்டது. வேலை பாதிகூட முடியவில்லை, அதற்குள் அவன் கம்பி நீட்டிவிட்டான். விடியும் வரை தனியாக உட்கார்ந்து ஒட்டினேன். காலையில் மேடையில் அவனும் வந்து என் பக்கத்தில் நின்றான்."

கேள்வி ஒன்றே ஒன்று: ‘கம்பி நீட்டிவிட்டான்’ என்றால் இங்கே என்ன, எந்த வரி அதை உனக்குச் சொன்னது?

ஜன்னலோரப் பெண் குண்டு குண்டான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: "பாலம் செய்யக் கம்பியை எடுத்து நீட்டினான். உதவி செய்தான்." எந்த வரி என்ற இடத்தில், "அட்டை, பசை, கம்பி எல்லாம் சேர்த்தாகிவிட்டது."

இதைத் தவறு என்று அடித்துவிட்டுப் போக மனம் வரவில்லை. அவள் தேடியிருக்கிறாள். பத்தியில் கம்பி என்ற சொல் எங்கே வருகிறது என்று பார்த்து, அங்கே போய் நின்றுவிட்டாள். அடுத்த வரிக்குப் போகவில்லை. அவன் உதவியிருந்தால் இவன் ஏன் விடியும் வரை தனியாக ஒட்டவேண்டும்? ‘தனியாக’ என்ற ஒரு சொல்லில்தான் பத்தியே திரும்புகிறது.

பக்கத்தில் உட்கார்ந்து, "அடுத்த வரியில யார் யாரெல்லாம் இருக்காங்க?" என்று மட்டும் கேட்டேன். விரல் வைத்து வாசித்தாள். "இவன் மட்டும்தான்" என்றாள். "அப்போ அவன்?" பென்சிலின் முனையைக் கடித்தபடி வெகுநேரம் இருந்தாள். "போயிட்டானா?" என்று கேட்டபோது அவள் முகத்தில் கோபம்கூட வந்தது. கதைக்குள் இருப்பவன்மேல் கோபம். ஆறு வாரத்தில் அதை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

ஜூலை 16, புதன்

இன்றைய பாடத்தைத் தொடங்கிவைத்தவன் கடைசி வரிசைப் பையன். "டீச்சர், அவ ‘கம்பியை நீட்டினான்’னு எழுதினா. நீங்க ‘கம்பி நீட்டினான்’னு எழுதினீங்க. அதான் வித்தியாசம்" என்றான். நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

உடனே கரும்பலகையில் இரண்டு வரிசை போட்டோம். கம்பியை நீட்டினான், கம்பி நீட்டினான். கயிற்றைத் திரித்தான், கயிறு திரித்தான். கையைக் கழுவினான், கைகழுவினான். வாலை ஆட்டியது, வாலாட்டினான். ‘ஐ’ உருபு வெளிப்படையாக நின்றால் கம்பி கம்பிதான், கை கைதான். உருபு மறைந்து பெயரும் வினையும் ஒட்டிக்கொண்டதும் இரண்டும் சேர்ந்து ஒரே வினையாகிவிடுகிறது. அதனால்தான் சில தொடர்கள் தமக்கென்று வேறொரு செயப்படுபொருளைக் கேட்கின்றன. ‘அந்த வேலையைக் கைகழுவினான்.’ எதைக் கழுவினான்? வேலையை. ‘அவனைத் தலைமுழுகினேன்.’ யாரை? அவனை. இரண்டாம் வேற்றுமைத் தொகையை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அது ஒரு தொடரின் பொருளையே புரட்டிப்போடும் என்று பிள்ளைகள் நேரில் பார்த்தது இன்றைக்குத்தான்.

மணி அடித்தும் யாரும் எழவில்லை.

ஜூலை 18, வெள்ளி

விதி இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி வீட்டில் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறாள்: "மூக்கை நுழைத்தான்." அங்கே ‘ஐ’ இருக்கிறது, ஆனாலும் யாரும் மூக்கை எங்கேயும் நுழைக்கவில்லை. அதைக் கேட்டதும் மற்றவர்கள் அடுக்கினார்கள். காதைக் கடித்தான். வாலைச் சுருட்டிக்கொண்டான். கண்ணைத் திறந்தது.

நல்லதாயிற்று. உருபு ஒரு தடயம், தீர்ப்பு இல்லை என்று எழுதிப்போட்டேன். ‘தம்பி அக்காவின் காதைக் கடித்தான், அவள் வலியில் கத்தினாள்.’ ‘தம்பி அக்காவின் காதைக் கடித்தான், அவள் சரி என்று தலையாட்டினாள்.’ முதல் பாதி இரண்டிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றே. பின்பாதிதான் தீர்ப்புச் சொல்கிறது.

ஜூலை 21, திங்கள்

எல்லாத் தொடரும் ஒரே மாதிரி இல்லை. ‘மனக்கோட்டை கட்டினாள்’ என்றால் பொருள் தெரியாத பிள்ளையும் பாதி ஊகித்துவிடும், படம் கண்ணுக்குத் தெரிகிறது. ‘கடுக்காய் கொடுத்தான்’ என்றால் ஏமாற்றினான் என்று கடுக்காயை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. கேட் கெய்ன், ஜேன் ஓக்ஹில் உள்ளிட்ட மூவர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. படம் தெரியும் தொடர்களில், நன்றாகப் புரிந்து வாசிக்கும் பிள்ளைகளுக்கும் புரிதலில் பின்தங்கிய பிள்ளைகளுக்கும் வேறுபாடு இல்லை. படம் தெரியாத தொடர்களைச் சுற்றியுள்ள வரிகளை வைத்துக் கண்டுபிடிக்கும் இடத்தில்தான் இரண்டாம் கூட்டம் தடுமாறியது. ஆக, மரபுத்தொடரை ஒரு வேளையிலும் பத்தி வாசிப்பை வேறொரு வேளையிலும் நான் நடத்திக்கொண்டிருந்தது ஒரே திறனை இரண்டாக வெட்டி வைத்த கதை.

சுற்றியுள்ள வரியும் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. ‘இலவு காத்த கிளி போல’ என்பதைக் கொடுத்தேன். பாதிப் பேர் இலவு என்பதைத் துக்கவீட்டு இழவு என்று எடுத்துக்கொண்டு, கிளிக்கு யாரோ செத்துப்போனதாக எழுதினார்கள். ழகர லகரம் ஒரு பக்கம், மரத்தைப் பார்த்ததில்லை என்பது இன்னொரு பக்கம். இலவங்காய் முற்றினால் பழமாகாது. காய்ந்து, வெடித்து, பஞ்சாகப் பறக்கும். பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்குப் பஞ்சுதான் மிச்சம். இதைப் படம் வரைந்து சொன்னபின் யாருக்கும் பொருள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தலைப்பில்லாமல் ஒரு பத்தியைக் கொடுத்துப் பார்த்த பழைய சோதனை ஒன்று நினைவுக்கு வந்தது. பிரான்ஸ்ஃபோர்டும் ஜான்சனும் 1972-இல் செய்தது. துணி துவைப்பதைப் பற்றிய பத்தி, ஒவ்வொரு சொல்லும் எளிய சொல். என்ன விஷயம் என்று முன்கூட்டித் தெரியாதவர்களுக்கு அது புரியவில்லை, நினைவிலும் நிற்கவில்லை. வாசித்து முடித்தபின் தலைப்பைச் சொன்னதும் உதவவில்லை. இலவ மரத்தை முன்னாலேயே காட்டியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்குக் குறித்துக்கொண்டேன்.

ஜூலை 24, வியாழன்

நான்கு நான்கு பேராக உட்காரவைத்தேன். ஒருவர் அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கவேண்டும், ஒருவர் கேள்வி கேட்கவேண்டும், ஒருவர் புரியாத இடத்தில் நிறுத்தவேண்டும், ஒருவர் சுருக்கிச் சொல்லவேண்டும். ஒவ்வொரு பத்திக்கும் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். பாலின்சாரும் பிரவுனும் 1984-இல் எழுதிய முறை. இரண்டு குழுவில் சண்டை, ஒரு குழுவில் நால்வரும் சுருக்கிச் சொல்லவே ஆசைப்பட்டார்கள். அடுத்த வாரம் சரியாகும்.

ஜன்னலோரப் பெண்ணுக்கு முதல் பத்தியில் நிறுத்தும் வேலை. அவளே வாசிக்கவும் வாசித்தாள். "மின்சாரம் போன இருட்டில் பெட்டிக்குள் கைவிட்டுத் தேடினான். சாவி அகப்படவில்லை. ஆனாலும் முயற்சியைக் கைவிடவில்லை."

கடைசிச் சொல்லில் குரல் தடுக்கிற்று. பக்கத்துக் குழுகூடத் திரும்பிப் பார்த்தது, அவள் வாசிப்பில் இதுவரை யாரும் கேட்டிராத தடுக்கல். முதல் வரிக்குத் திரும்பி உதட்டுக்குள் வாசித்தாள். மறுபடி கடைசி வரி. பிறகு கையைத் தூக்கினாள்.

"டீச்சர், மேலயும் கைவிட்டுதான், கீழயும் கைவிடதான். ரெண்டுலயும் கைக்கு ‘ஐ’ இல்ல. ஆனா மேல இருக்கிறது நிஜக் கை."

"எப்படித் தெரியும்?"

"பெட்டிக்குள்ளன்னு இருக்கே. கீழ முயற்சியைன்னு இருக்கு. முயற்சிக்குள்ள கையை விட முடியாது."

கரும்பலகையின் ஓரத்தில் எட்டு நாளாக அழிக்காமல் வைத்திருந்த இரண்டு வரிசைகளுக்குக் கீழே அவளையே போய் எழுதச் சொன்னேன். எட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறி எழுதினாள்.