அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா: ஸ்லைடில் மேட்ரிக்ஸைப் பார்ப்பது எப்படி

உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளின் எஃப்என்ஏசியில் (மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனை) அதிகம் ஏமாற்றுவது அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்ற புற்று. செல்கள் சின்னவை, நியூக்ளியஸ் கருத்திருந்தாலும் ஒன்றுபோலவே இருக்கும்; பார்த்ததும் புற்று என்று தோன்றாது. காட்டிக்கொடுப்பது செல்களுக்கு நடுவே கிடக்கும் மேட்ரிக்ஸ் என்ற இடைப்பொருள்தான்.

அதனால் ஸ்மியர் போடும்போதே (எடுத்த செல்களை ஸ்லைடில் தடவும்போதே) வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும். 23 முதல் 25 கேஜ் ஊசியால் கட்டியின் வெவ்வேறு பகுதிகளில் இரண்டு மூன்று முறை எடுங்கள். பாதி ஸ்லைடுகளைக் காற்றில் உலரவிட்டு கீம்சா சாயத்துக்கு வையுங்கள். மீதியை உடனே 95% ஆல்கஹாலில் போடுங்கள், அவை பாப் ஸ்டெயின் என்ற இன்னொரு சாயத்துக்கு. நொடிகள் தாமதித்தாலும் செல் காய்ந்து, நியூக்ளியஸ் உப்பி மங்கிவிடும். கீம்சாவில் மேட்ரிக்ஸ் பளிச்சென்று மெஜந்தா நிறத்தில் நிற்கும். பாப்பில் வெளிறிப்போய்க் கண்ணுக்கே தப்பிவிடும். பாப் மட்டும் போடும் லேபில் இந்தக் கட்டி நழுவ இதுவே முக்கியக் காரணம்.

ப்ளியோமார்ஃபிக் அடினோமா என்ற சாதுக் கட்டியின் மேட்ரிக்ஸ் நார்நாராக, ஓரம் பிசிறடித்துப் பிய்த்துப்போட்ட பஞ்சு மாதிரி இருக்கும். செல்கள் அதற்குள்ளேயே புதைந்திருக்கும். அடினாய்டு சிஸ்டிக்கில் உருண்டைகள், ஓரம் வெட்டினாற்போல், உள்ளே செல்லே கிடையாது; செல்கள் சுற்றி ஒட்டியிருக்கும். ஆனால் உருண்டையைப் பார்த்ததுமே முடிவு எழுதிவிடாதீர்கள். ப்ளியோமார்ஃபிக் அடினோமாவிலும் பேசல் செல் அடினோமா என்ற மற்றொரு சாதுக் கட்டியிலும் ஆங்காங்கே இதே உருண்டைகள் வரும். எல்லா ஸ்லைடுகளையும் தேடுங்கள்: ஒரே ஒரு இடத்தில் நார் மேட்ரிக்ஸும் பிளாஸ்மா செல் சாயலுள்ள மயோஎபிதீலியல் செல்களும் (சுரப்பியைச் சுற்றியிருக்கும் சுருங்கும் செல்கள்) கிடைத்தாலும் கதை ப்ளியோமார்ஃபிக் அடினோமா பக்கம் மாறிவிடும்.

அடினாய்டு சிஸ்டிக்கின் சாலிட் (செல்கள் திட்டாக நிறைந்த) வகையில் உருண்டைகள் அரிது, வெறும் பேசலாய்டு (சின்ன, கருத்த நியூக்ளியஸ் உள்ள) செல்கள்தான். அங்கே மிலன் முறையின் (உமிழ்நீர்ச் சுரப்பி எஃப்என்ஏசி முடிவுகளைப் பிரிவுகளாக வகுக்கும் முறை) 4பி பிரிவுதான் நேர்மையான பதில்: கட்டிதான், சாதுவா புற்றா என்று உறுதியில்லை. இந்தப் பிரிவில் புற்றாக இருக்கும் வாய்ப்பு சுமார் 35%. மைட்டோசிஸ் (செல் பிரிதல்), நெக்ரோசிஸ் (திசு இறப்பு) தெரிந்தால் ஐந்தாம் பிரிவுக்கு, அதாவது 'புற்று எனச் சந்தேகம்' என்பதற்கு ஏற்றலாம். வலி, முகநரம்புச் செயலிழப்பு உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். செல் பிளாக் (எடுத்த செல்களை மெழுகில் பதித்த கட்டை) இருந்தால் எம்ஒய்பி மரபணுச் சோதனை கைகொடுக்கும். தயங்காமல் 4பி எழுதுங்கள். அவசரப்பட்டு 'புற்று' என்று எழுதினால், அறுவையில் முகநரம்பே பறிபோகக்கூடும்.

லோ கிரேட் மியூகோஎபிடெர்மாய்டு என்ற இன்னொரு உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்று வேறு விதமாக ஏமாற்றும். பல நேரம் ஊசியில் நீர் மட்டும் வரும். முழுக்க உறிஞ்சிய பிறகு தடவிப் பாருங்கள். மிச்சக் கட்டி தட்டுப்பட்டால் அதில் மறுபடி ஊசி போடுங்கள். நீரை சென்ட்ரிஃப்யூஜ் செய்து அடியில் படிந்ததை ஸ்மியராக்குங்கள். செல்லே இல்லாமல் மியூசின் (சளிப் பொருள்) மட்டும் தெரிந்தால் 'சிஸ்ட் (நீர்க்கட்டி), தீங்கில்லை' என்று எழுதாதீர்கள். அது மிலன் முறையின் மூன்றாம் பிரிவு: உறுதி சொல்ல முடியாத மாற்றம்.